ஐந்நிலமும் ஒரு கோப்பையும்

விஸ்கியைப் பற்றித் தமிழில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். குடியின் கேட்டைச் சொல்லி வருந்துகிறார்கள்; அல்லது இத்தனை ஆயிரம் ரூபாய் கொடுத்து, இத்தனை வயதுடைய புட்டியைத் திறந்ததாகச் சொல்லி மகிழ்கிறார்கள். முதலாவது பேச்சில் மறுக்கமுடியாத உண்மை இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். இரண்டாவது பேச்சில் விலை இருக்கிறது, வயது இருக்கிறது, விஸ்கியைத்தான் காணோம். என் கருத்து எளியது. விஸ்கி வகைகளை ஒப்பிட்டுச் சுவைப்பது ஒரு வாசிப்பு. எந்த வாசிப்புக்கும் வேண்டிய இரண்டு இதற்கும் வேண்டும்: சரியான இலக்கணம், நேர்மையான பெயர். இவ்விரண்டுமே இன்று நமக்குத் தவறாகத் தரப்படுகின்றன.

இலக்கணத்திலிருந்து தொடங்கலாம்.

ஸ்காட்லாந்து விஸ்கியை அறிமுகப்படுத்தும் நூல்கள் பலவும் ஒரு நிலப்படத்தை விரித்துவைத்தே பேசத் தொடங்கும். ஹைலேண்ட், லோலேண்ட், ஸ்பேசைட், ஐலா, கேம்பல்டவுன் என ஐந்து நிலங்கள். 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குமுறைகளும் இந்த ஐந்து பெயர்களுக்கே பாதுகாப்பு அளிக்கின்றன. தமிழ் படித்தவனுக்கு இந்த ஐந்து உடனே பிடித்துப்போகிறது. குறிஞ்சிக்குப் புணர்தல், நெய்தலுக்கு இரங்கல் என்பதுபோல ஐலாவுக்குப் புகை, ஸ்பேசைடுக்குப் பழமும் தேனும், லோலேண்டுக்கு மென்மை என்று மனம் தானாகவே அடுக்கிக்கொள்கிறது. இது வசதியான அடுக்கு. வகுப்பறையில் சொல்லிக்கொடுக்கவும் எளிது.

ஆனால் திணைக் கோட்பாடு ஒரு கவிதை மரபு. புலவர்கள் தமக்குள் ஒப்புக்கொண்ட வழக்கு. நிலத்துக்கும் உரிப்பொருளுக்கும் உள்ள உறவு அந்த ஒப்புதலால் ஆனது. ஒரு திணைக்குரியது இன்னொன்றில் வந்து கலக்கும்போது அதையும் திணை மயக்கம் என்று நம் இலக்கணம் இடம்கொடுத்து ஏற்றுக்கொண்டது. விஸ்கியின் நிலப்படமோ தன்னை வழக்கு என்று சொல்லிக்கொள்வதில்லை, இயற்கை என்று சொல்லிக்கொள்கிறது. அங்கே நீர் அப்படி, காற்று அப்படி, ஆகவே சுவை அப்படி என்கிறது. இந்த ‘ஆகவே’தான் பொய்.

ஹைலேண்டையும் லோலேண்டையும் பிரிக்கும் கோட்டையே எடுத்துக்கொள்வோம். 1784இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய வரிச்சட்டம் ஒன்று அந்தக் கோட்டை வடிசாலைகளுக்காக வகுத்தது. கோட்டுக்கு வடக்கே சிறிய வடிகலங்களை வைத்திருந்தவர்களுக்கு ஒரு வரி, தெற்கே இருந்தவர்களுக்கு வேறு வரி. வரி வசூலுக்காகப் பிறந்த கோடு அது. இரு நூற்றாண்டுகள் கழித்து, அதுவே நாவின் எல்லைக்கோடு என்று நமக்குச் சொல்லித்தரப்படுகிறது.

இனி ஐலாவுக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள சிறு தீவு அது. அதன் தென்கரையில் அடுத்தடுத்து நிற்கும் லஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக் ஆகிய மூன்று வடிசாலைகளும் புகைக்குப் பேர்பெற்றவை. பீட் என்பது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செடிகொடிகள் மக்கிப் படிந்த மண். அதை வெட்டி உலர்த்தி எரித்து, முளைகட்டிய பார்லியை அந்தப் புகையில் காயவைக்கிறார்கள். புகையிலுள்ள ஃபீனால்கள் தானியத்தின் மேல் படிந்துகொள்கின்றன. பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று இதை அளக்கிறார்கள். ஆர்ட்பெக்கின் மால்ட்டில் ஏறத்தாழ 55 பங்கு, லகவூலினில் ஏறத்தாழ 35, தீவின் நடுவிலிருக்கும் பௌமோரில் ஏறத்தாழ 25. ஒன்றை மறக்கக்கூடாது. இவை காய்ந்த தானியத்தில் எடுத்த அளவுகள். வடித்து முதிர்ந்து கோப்பைக்கு வரும்போது அதில் பெரும்பகுதி கழிந்திருக்கும்.

அதே தீவின் வடகிழக்கில் பூனஹாவன் இருக்கிறது. அதன் வழக்கமான விஸ்கியில் புகை ஏறக்குறைய இல்லை. மேற்கில் இருக்கும் ப்ரூக்லாடி தன் பெயரிலேயே வெளியிடும் விஸ்கியைப் புகையில்லாமல் வடிக்கிறது. அதே வாலைகளில் ஆக்டோமோர் என்ற பெயரில் 100 பங்கையும் தாண்டிய புகைமிகு விஸ்கியையும் வடிக்கிறது. ஒரே தீவு, ஒரே கடற்காற்று. சில வடிசாலைகளில் வாலையும் ஒன்றே. நிலம்தான் சுவையைத் தருகிறது என்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இதைவிடத் தெளிவான சான்று கேம்பல்டவுனில் இருக்கிறது. ஒரு காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வடிசாலைகள் புகைவிட்ட ஊர் அது. இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே ஸ்பிரிங்பேங்க் என்ற பழைய வடிசாலை, தனக்கு வேண்டிய பார்லி முழுவதையும் இன்றும் தன் தளத்திலேயே பரப்பி முளைகட்டுகிறது. அது மூன்று விஸ்கிகளைச் செய்கிறது. ஹேஸல்பர்ன் புகையில்லாதது, மூன்று முறை வடித்தது. ஸ்பிரிங்பேங்க் மிதமான புகையுடையது, அவர்கள் கணக்கில் இரண்டரை முறை வடித்தது. லாங்ரோ கடும்புகையுடையது, இரண்டு முறை வடித்தது. ஒரே கூரை, ஒரே நீர், ஒரே மனிதர்கள், மூன்று முற்றிலும் வேறான பாணிகள். ஒப்பிட்டுச் சுவைக்க விரும்பும் ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டால் ஐந்து நிலத்துப் புட்டிகளைத் தேடி அலையவேண்டாம், இந்த மூன்றையும் அருகருகே வைத்து முகருங்கள் என்றே சொல்வேன்.

சில ஆண்டுகளுக்குமுன் நண்பர்கள் நால்வர் கூடிப் பெயர் மறைத்த கோப்பைகளில் ஒப்பிட்டுப் பார்த்தோம். மூன்றாவது கோப்பையை முகர்ந்த நண்பர் ஒருவர், உப்புக்காற்றும் கடற்பாசியும் தெரிவதாகவும் அது ஐலாவின் தென்கரை என்பதில் ஐயமே இல்லை என்றும் உருக்கமாகச் சொன்னார். மறைப்பை நீக்கியபோது அது அம்ருத். ஸ்காட்லாந்திலிருந்து வந்த புகையூட்டிய பார்லியைக்கொண்டு பெங்களூரில் வடித்து, பெங்களூரிலேயே முதிரவைத்தது. பெங்களூருக்குக் கடல் எப்போது வந்தது என்று சிரித்தோம். நண்பரின் மூக்கில் பிழையில்லை. புகையை அவர் சரியாகவே கண்டுகொண்டார். அவர் மனத்திலிருந்த நிலப்படம்தான் அந்தப் புகையுடன் ஒரு கடலையும் சேர்த்துக் கொடுத்தது.

*

நிலத்தை விட்டால் எதைக்கொண்டு வகுப்பது? செய்முறையைக்கொண்டு வகுக்கவேண்டும் என்பது என் துணிபு. தானியம், புகை, வாலை, பீப்பாய், தட்பவெப்பம் ஆகிய ஐந்தும்தான் விஸ்கியின் மெய்யான ஐந்திணை.

தானியத்துக்கு அயர்லாந்து நல்ல எடுத்துக்காட்டு. 1785இல் மால்ட்டின்மேல் வரி விதிக்கப்பட்டபோது அயர்லாந்து வடிப்பாளர்கள் முளைகட்டாத பார்லியையும் கலந்து வடிக்கும் வழக்கத்தில் ஊன்றிக்கொண்டார்கள். வரிக்கு அஞ்சிச் செய்தது ஒரு தனிச் சுவையாயிற்று. இன்றைய விதிப்படி ஸிங்கிள் பாட் ஸ்டில் என்ற பெயருக்கு முளைகட்டிய பார்லி குறைந்தது 30 சதவீதமும் முளைகட்டாதது குறைந்தது 30 சதவீதமும் இருக்கவேண்டும். மிடில்டனில் வடிக்கப்படும் ரெட்பிரெஸ்ட்டை ஒரு ஸ்பேசைட் மால்ட்டுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு நாவின் மேலேயே தெரியும். நல்லெண்ணெய் தடவியதுபோன்ற வழவழப்பும், அதன் அடியிலிருந்து மிளகின் காரமும் எழுகின்றன. முளைகட்டாத தானியம் தரும் பருமன் அது. ஐரிஷ் என்றாலே மூன்று முறை வடித்த மென்மை என்று சொல்வதும் பாதி உண்மைதான். 1987இல் தொடங்கிய கூலி வடிசாலை இரண்டு முறை மட்டுமே வடித்தது. கானமாரா என்ற பெயரில் புகையூட்டிய விஸ்கியையும் வெளியிட்டது.

வாலையின் வடிவமும் பேசும். க்ளென்மோரஞ்சியின் வாலைகள் ஸ்காட்லாந்திலேயே மிக உயரமானவை. அவற்றின் கழுத்து மட்டும் ஐந்து மீட்டருக்கு மேல். கனமான ஆவி அவ்வளவு உயரம் ஏறமுடியாமல் குளிர்ந்து திரும்ப விழுந்துவிடுகிறது. இலேசான, பூமணம் கொண்ட சாரமே மேலேறி மறுபுறம் செல்கிறது. மக்காலனின் வாலைகள் குட்டையானவை. எண்ணெய்த்தன்மையும் கனமும் கொண்ட சாரம் அவற்றில் கடந்துவருகிறது. சித்த மருத்துவ நூல்களில் வாலையில் வடிப்பதைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. கலத்தின் உருவம் மருந்தை மாற்றும் என்பது நம் வைத்தியர்களும் அறிந்ததே.

பீப்பாய்க்கு அமெரிக்காவைப் பார்க்கவேண்டும். போர்பன் என்று பெயரிட, தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்கவேண்டும். உட்புறம் தீயால் கருக்கிய புத்தம்புதிய ஓக் கலத்தில் முதிரவேண்டும். புதிய மரமாதலால் அது தன்னிடம் உள்ளதையெல்லாம் முதற்சாரத்துக்கே கொடுத்துவிடுகிறது. வனிலா, கொப்பரை, காய்ச்சிய பாகு என்று போர்பனில் முந்திக்கொண்டு வருபவை எல்லாம் பெரும்பாலும் மரம் தந்தவை. ஒருமுறை பயன்பட்ட பீப்பாயில் மீண்டும் போர்பனை நிரப்பமுடியாது. ஆகவே அவை கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. ஸ்காட்லாந்தில் இன்று முதிர்ந்துகொண்டிருக்கும் விஸ்கியில் மிகப் பெரும்பங்கு அத்தகைய அமெரிக்கப் பீப்பாய்களில்தான் கிடக்கிறது. ஸ்காட்லாந்தின் மலைத்தேன் என்று நாம் வியக்கும் சுவையில் ஒரு பகுதி அமெரிக்கச் சட்டம் ஒன்றின் துணைவிளைவு. ஷெர்ரி பீப்பாயின் கதையும் அப்படித்தான். ஸ்பெயினிலிருந்து ஷெர்ரியைப் பீப்பாய்களில் ஏற்றுமதி செய்வது 1980களில் நின்றுபோயிற்று. இன்றைய ஷெர்ரி பீப்பாய்களில் பெரும்பாலானவை விஸ்கிக்கென்றே ஷெர்ரி ஊற்றிப் பதப்படுத்தப்பட்டவை. உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் கருப்பட்டியும் மணக்கும் அந்தச் சுவை இன்று திட்டமிட்டுச் செய்யப்படுவது.

கடைசியாகத் தட்பவெப்பம். நிலத்துக்கு நான் விட்டுக்கொடுக்கும் இடம் இதுதான். ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகிறது. பெங்களூரில் அது 10 சதவீதமும் அதற்கு மேலும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் பன்னிரண்டு ஆண்டுக்குப்பின் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்திருக்கும். பெங்களூரில் அதே பன்னிரண்டு ஆண்டுக்குப்பின் கால்பங்குக்குச் சற்று மேல்தான் எஞ்சும். வெப்பத்தில் சாரம் மரத்தோடு வேகமாக உறவாடுகிறது. அம்ருத்தும், கோவாவில் வடிக்கப்படும் பால் ஜானும் சில ஆண்டுகளிலேயே அடர்ந்த நிறமும் செறிவும் பெறுவது அதனால்தான். ஆகவே வயதைக்கொண்டு ஒப்பிடுவது, இரு வேறு நாள்காட்டிகளின் தேதிகளை ஒன்றாகக் கூட்டுவது போன்றது. பதினெட்டு வயது என்று புட்டியில் அச்சிட்டிருப்பது ஒரு தகவல். அதைத் தகுதிச் சான்றிதழாக எண்ணிக்கொள்வதால்தான் இவ்வளவு ஏமாற்றம்.

*

ஒப்பிடுதல் எப்படி நிகழவேண்டும் என்பதைத் திருக்குறள் உரைகளைக்கொண்டு சொல்வேன். பதின்மர் உரை என்கிறோம். பரிமேலழகரை மட்டும் படித்தவன் குறளைப் படித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறான். மணக்குடவரையும் அருகே திறந்துவைத்துக்கொண்டு ஒரு குறளைப் பார்க்கும்போதுதான் இருவரும் எங்கே பிரிகிறார்கள், ஏன் பிரிகிறார்கள் என்பது தெரியவருகிறது. யார் பெரியவர் என்ற கேள்வி அப்போது எழுவதில்லை. விஸ்கியிலும் ஒன்றை மட்டும் சுவைத்தவனுக்கு அது இனிமை அல்லது கடுமை என்பதற்குமேல் சொல்ல ஒன்றுமிராது. இரண்டை அருகருகே வைக்கவேண்டும். ஒரே ஒரு கூறில் மட்டும் வேறுபடும் இரண்டாக இருந்தால் மிக நல்லது. இலேசானதிலிருந்து புகைமிக்கதற்குப் போகவேண்டும், திரும்பி வரமுடியாது. அளவு சிறிது, சில துளிகளே போதும். வாய் குறுகிய கோப்பை வேண்டும். பெரும்பகுதி வேலை மூக்கினுடையது.

நீர் சேர்க்கலாமா என்ற பழைய சண்டைக்கு அறிவியல் ஓரளவு விடை சொல்லியிருக்கிறது. புகைமணத்துக்குக் காரணமான குவாயகால் என்ற மூலக்கூறு, மதுசாரம் 45 சதவீதம்வரை இருக்கும் கலவையில் மேற்பரப்புக்கு அருகில் திரள்கிறது என்றும், மதுசாரம் 59 சதவீதத்துக்கு மேல் போனால் உள்ளே மூழ்கிவிடுகிறது என்றும் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல்ஸன், ஃபிரீட்மன் என்ற இருவர் 2017இல் கணினி உருவகத்தின்வழி காட்டினார்கள். வலிமையான சாரத்தில் நீர் சேர்த்தால் மணம் மேலெழும் என்று வடிப்பாளர்கள் பல தலைமுறைகளாகச் சொல்லிவந்தது அதன்படி மூடநம்பிக்கை அன்று. சில துளி நீர் சேர்ப்பவரை ஏளனம் செய்பவர்கள் இதைக் கருதவேண்டும்.

அடுத்தது சொற்கள். 1970களின் இறுதியில் எடின்பரோவின் பென்ட்லாண்ட்ஸ் ஆய்வு நிறுவனத்தில் சுவைகளை ஒரு சக்கரமாக வகுத்தார்கள். அதற்குப் பின் வந்த சுவைக்குறிப்புகளில் ஹெதர் பூவும், கிறிஸ்துமஸ் கேக்கும், டாஃபியும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஹெதர் பூவை முகர்ந்திராத நாம் அந்தச் சொற்களை அப்படியே ஒப்பிக்கிறோம். இது வாசிப்பாகாது, மனப்பாடம். லஃப்ராய்க்கை முகரும்போது எனக்குத் தெரிவது சிறுவயதில் முழங்காலில் தடவிய டிங்சர், ஈரக்கயிறு, சற்றுத் தள்ளிக் கருவாடு காயும் மணல்வெளி. போர்பனில் எனக்குத் தெரிவது கொப்பரைக் களம். ஷெர்ரி பீப்பாயில் ஊறியதன் அடிநாக்கில் துவர்ப்பு நிற்கிறது, பாக்கு மென்று துப்பியபின் நிற்பதுபோல. நம்மிடம் அறுசுவைக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. துவர்ப்பு என்ற ஒரு சொல்லுக்கு ஆங்கிலக் குறிப்புகள் ஒரு வரி செலவழிக்கின்றன. நம் சொற்களால் சுவைத்தால்தான் அது நம் நாவில் நிகழ்ந்ததாகும்.

மதிப்பெண்கள் இந்தச் சொற்களையும் தின்றுவிடுகின்றன. மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1989இல் வெளியிட்ட மால்ட் வழிகாட்டியில் நூற்றுக்கு இத்தனை என்று எண் இட்டார். ஆனால் அவர் நூலைப் படித்தால் எண்ணைவிட அந்த ஊர், அந்த மனிதர்கள், அந்தச் செய்முறை ஆகியவையே நினைவில் நிற்கும். அவருக்குப்பின் எண் மட்டும் தனியே பிரிந்து சந்தைக்குப் போயிற்று. ஜிம் மரே தம் விஸ்கி பைபிளின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் ஜப்பானின் யமசாகி ஷெர்ரி பீப்பாய் விஸ்கியை உலகின் முதலாவதாக அறிவித்தார். அதைத் தேடி அலைந்தவர்களில் சுவைத்தவர்கள் மிகச் சிலர், மறுவிற்பனைக்கு வாங்கியவர்கள் பலர். அதே மரேயின் 2010ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அம்ருத் ஃபியூஷன் உலகில் மூன்றாமிடம் பெற்றது. நம்மில் பலருக்கு அந்த விஸ்கியின் மேல் மதிப்பு வந்தது அதன்பிறகுதான். 2004இல் கிளாஸ்கோவில் அம்ருத்தின் ஸிங்கிள் மால்ட் அறிமுகமானபோது இங்கே அதைப் பொருட்படுத்தியவர்கள் சிலரே. வெளியூர்க்காரர் எண் கொடுத்தபின் நம் வீட்டுப் பொருள் சுவையாகிவிடுகிறது. இலக்கியத்தில் நாம் இதையே செய்வதால் எனக்கு வியப்பில்லை.

*

இனிப் பெயர். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இதுதான்.

எதை விஸ்கி என்பது என்ற கேள்வி வழக்குமன்றம் ஏறியிருக்கிறது. தொடர்வடிப்புக் கலத்தை 1830இல் ஈனியஸ் காஃபி காப்புரிமை பெற்றபின், மலிவான தானியச் சாரம் பெருகி மால்ட்டோடு கலந்து விற்கப்பட்டது. அதை விஸ்கி என்று விற்கலாமா என்று லண்டன் இஸ்லிங்டனில் 1905இல் வழக்குத் தொடுத்தார்கள். விவகாரம் முற்றி அரசு ஆணையம் ஒன்று அமைந்தது. 1909இல் அறிக்கை தந்தது. எந்தக் கலத்தில் வடித்தாலும் விஸ்கிதான் என்று ஆணையம் தாராளமாகவே சொன்னது. ஆனால் ஓர் எல்லை வைத்தது. தானியத்திலிருந்து பிறக்கவேண்டும், அதன் மாவுப்பொருளை மால்ட்டின் நொதியே சர்க்கரையாக்கவேண்டும். அதே 1909 டிசம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டாஃப்டும் இதே கேள்விக்குத் தீர்ப்பளித்தார். அவரும் தானியத்தையே எல்லையாக வைத்தார். மொலாசஸிலிருந்து வடித்ததற்கு அந்தப் பெயரை மறுத்தார்.

அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. 2003இல் டியாஜியோ நிறுவனம் கார்டூ என்ற ஸிங்கிள் மால்ட்டின் பெயரையும் புட்டியின் தோற்றத்தையும் ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே பல வடிசாலைகளின் மால்ட்டைக் கலந்து விற்கத் தொடங்கியது. சக வடிப்பாளர்களே கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டில் அது திரும்பப் பெறப்பட்டது. 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ஐந்து வகைகளையும் இவ்வளவு கறாராக வரையறுத்ததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். ஜப்பானில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்த விஸ்கியை ஜப்பானிய விஸ்கி என்று அங்கே விற்க முடிந்தது. 1918இல் ஸ்காட்லாந்து சென்று தொழில் கற்றுத் திரும்பி, 1934இல் யோயிச்சியில் தன் வடிசாலையை நிறுவிய டகெட்சுருவின் நாட்டில் இந்த நிலை. 2021இல் உற்பத்தியாளர் சங்கமே விதி வகுத்தது. ஜப்பானில் நொதித்து, ஜப்பானில் வடித்து, அங்கேயே குறைந்தது மூன்றாண்டு மரக்கலத்தில் முதிர்ந்ததற்கு மட்டுமே அந்தப் பெயர். 2024 மார்ச்சோடு மாற்றத்துக்கான அவகாசமும் முடிந்தது.

இந்தியாவில்? உலகில் மிக அதிகமாக விஸ்கி விற்கும் நாடுகளில் ஒன்று நம்முடையது. ஆனால் இங்கே விஸ்கி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி, நடுநிலை மதுசாரத்தை அடிப்படையாகக் கொண்டு நிறமும் மணமும் சிறிது மால்ட்டும் சேர்த்தது. அந்த மதுசாரம் சர்க்கரை ஆலையில் எஞ்சும் மொலாசஸிலிருந்தும் வரலாம். அதைப் பீப்பாயில் முதிரவைத்தே தீரவேண்டும் என்ற கட்டாயமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் விஸ்கி என்ற பெயருக்குத் தானியமும், மரக்கலத்தில் மூன்றாண்டும் வேண்டும் என்பதால் இவை அங்கே அந்தப் பெயரோடு நுழையமுடியாது. மொலாசஸிலிருந்து வடிப்பது குற்றமில்லை. அதை ரம் என்ற சொந்தப் பெயரால் அழைக்கலாமே. வேறொன்றின் பெயரை இட்டபிறகு அங்கே ஒப்பீட்டுக்கே இடமில்லை. கலித்தொகை என்று அட்டையில் போட்டு உள்ளே வேறொன்றை அச்சிட்டிருந்தால் எந்த உரையாசிரியரால் உரை எழுதமுடியும்?

நம் மொழி இப்படி இருந்ததில்லை. கள், தேறல், நறவு, தோப்பி, பிழி, மட்டு என்று சங்க நூல்கள் வழங்கும் பெயர்கள் பல. தோப்பி வீட்டில் நெல்லைக்கொண்டு சமைத்தது, தேறல் தெளிந்தது. மூங்கிற்குழாயில் நெடுநாள் முதிர்ந்த தேறலைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூறு சொல்கிறது. எதிலிருந்து வந்தது, எப்படி ஆனது என்பதைச் சொல்லும் பெயர்கள் அவற்றில் உண்டு. இன்று அத்தனைக்கும் சேர்த்து நம்மிடம் இருப்பது ‘சரக்கு’ என்ற ஒரு சொல். கடையில் கேட்பதோ ‘குவார்ட்டர்’. பொருளின் பெயரைக்கூடச் சொல்லாமல் அளவை மட்டும் சொல்லிக் கேட்கும் நிலைக்கு வந்திருக்கிறோம்.

*

இப்போது முதலில் சொன்ன மறுப்புக்கு வருகிறேன். வீடுகள் குடியால் அழியும் நாட்டில் சுவையைப் பற்றிப் பேசுவது கொழுத்தவர்களின் விளையாட்டில்லையா? இது நியாயமான கேள்வி. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். மது எந்த அளவிலும் தீங்கற்றதென்று சொல்லமுடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. சுவை அறிந்தவன் அடிமையாகமாட்டான் என்று நான் சொல்லப்போவதில்லை. அது உண்மையில்லை, மிக நுண்ணிய நாக்குடையவர்களும் அழிந்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் குடிக்கத் தொடங்கவேண்டாம். குடிக்காதிருப்பவர் ஒன்றையும் இழக்கவில்லை.

ஆனால் 2003 முதல் தமிழகத்தில் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. விற்பவர் அரசு என்றால் புட்டியில் இருப்பது என்ன என்று கேட்பது குடிமகனின் உரிமை. இது எதிலிருந்து வடித்தது, எத்தனை மாதம் முதிர்ந்தது, எதைச் சேர்த்து நிறமூட்டியது என்பது அட்டையில் தெளிவாக இருக்கவேண்டும் என்று கேட்க ஒருவர் குடிப்பவராக இருக்கவேண்டியதுகூட இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அது வேறு வகைக் குற்றம், இதனோடு சமமில்லை. ஆயினும் கோப்பையில் இருப்பது என்ன என்று கேட்கும் பழக்கமே இல்லாத ஒரு சமூகத்தில்தான் இரண்டும் நடக்கின்றன. குடிப்பவன் எப்படியும் குடிப்பான், அவனுக்கு எதற்குப் பெயரும் விவரமும் என்ற அலட்சியம் அவனை மனிதனாக மதிக்காததிலிருந்து வருகிறது.

அதியமான் இறந்தபோது ஔவை பாடிய கையறுநிலையில் கள்ளைப் பகிர்ந்துகொண்ட நினைவுதான் முதலில் வருகிறது. சிறிதளவே இருந்தால் தான் உண்ணாமல் தனக்குத் தந்துவிடுவான் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். அங்கே அளவும் தெரிகிறது, கொடுத்தவனும் தெரிகிறான், கொடுக்கப்பட்டது இன்னதென்றும் தெரிகிறது. வள்ளுவரின் விலக்கையும் ஔவையின் நினைவையும் ஒரே பாடத்திட்டத்தில் வைத்து நடத்துகிறவன் நான். இரண்டில் எதையும் விட்டுவிட எனக்கு மனமில்லை. குடிப்பதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவுசெய்யட்டும். விஸ்கி என்று எழுதியிருந்தால் உள்ளே விஸ்கி இருக்கவேண்டும் என்பதில் மட்டும் நாம் அனைவரும் ஒரே பக்கம் நிற்கலாம்.